கினிப் பன்றியின் அரிப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

மலையகத்தில் கினிப் பன்றி வளர்ப்போர் கால்நடை வைத்தியரைத் தேடி வருவதற்கான காரணங்களில் தோல் அரிப்பே முதன்மையானது. அவர்களுள் பலர் முதன்முறையாக வருபவர்கள் அல்லர். "டொக்டர், ஊசி போட்டவுடன் சுகமாகிவிட்டது, ஒரு மாதம்கூடப் போகவில்லை, மறுபடியும் சொறிகிறது" என்று சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியைத் திறப்பார்கள். மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டி, வேறு மருந்து கேட்பார்கள். நான் பார்த்தவரையில் இந்தச் சிறு பிராணிகளில் மருந்து தோற்பது அரிது. நோயின் பெயரை அறியாமல் சிகிச்சை தொடங்கப்பட்டிருக்கும், அல்லது சரியான சிகிச்சையே பாதியில் நின்றிருக்கும். இந்த இரண்டையும் வளர்ப்பவர்கள் தெளிவாக விளங்கிக்கொண்டால், மாதக்கணக்கில் வேதனைப்படும் எத்தனையோ உயிர்களுக்கு விடுதலை கிடைக்கும் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

கடுமையான அரிப்புக்கு மிகவும் வழக்கமான காரணம் ட்ரிக்ஸாகாரஸ் கேவியே என்ற சிற்றுண்ணி ஆகும். வெறுங்கண்ணுக்குத் தெரியாத இந்த உயிரி தோலின் மேற்படைக்குள் சுரங்கம் அமைத்து வாழ்ந்து, அங்கேயே முட்டையிடுகிறது. முதலில் தோள், முதுகு, உட்தொடை ஆகிய இடங்களில் முடி உதிரும். பின்னர் தோல் தடித்து, மஞ்சள் நிறப் பொருக்குப் படிந்து, சொறிந்த இடமெல்லாம் புண்ணாகும். ஒரு கினிப் பன்றியின் உடலில் இந்த உண்ணி மிகக் குறைந்த எண்ணிக்கையில் வெளித்தெரியாமல் பல காலம் இருக்கக்கூடும். கர்ப்பம், முதுமை, வேறு நோய், இடமாற்றம், குளிர், போதாத உணவு என்று ஏதேனும் ஒன்று உடலின் எதிர்ப்பைத் தளர்த்தும்போது அது பெருகிவிடுகிறது. புதிதாக எந்தப் பிராணியும் வீட்டுக்கு வராதபோது நோய் மட்டும் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இந்த அரிப்பின் கடுமையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். முற்றிய நிலையில் உள்ள கினிப் பன்றியின் முதுகை விரலால் தொட்டாலே போதும், அது துள்ளி விழுந்து, கால்களை உதைத்து, வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். வலிப்பு நோய் என்று நம்பி என்னிடம் கொண்டுவரப்பட்ட பிராணிகள் உண்டு. பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு தோட்டத்து வீட்டில் சொல்லக் கேட்டதும் உண்டு. அந்தத் துடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் தாங்க முடியாத அரிப்புத்தான். அந்நிலையில் உள்ள பிராணி சரியாக உண்ணாது, உறங்காது, எடை இழக்கும். கர்ப்பிணியாயின் கரு கலையவும் கூடும். சிகிச்சையின்றி விட்டால் இறந்துவிடும். ஆகவே "வெறும் சொறிதானே" என்று இரண்டு மூன்று வாரங்களைக் கடத்துவது பெரிய கொடுமை.

எல்லா அரிப்பும் இந்த உண்ணியால் வருவதன்று. பேன் பிடித்திருந்தால் காதின் பின்புறத்திலும் முடியின் அடியிலும் அது ஊர்வதை நல்ல வெளிச்சத்தில் காணலாம். முடியைப் பற்றி வாழும் வேறொரு வகைச் சிற்றுண்ணியும் உண்டு. அது பெரும்பாலும் சிறிதளவே தொல்லை தரும். மூக்கு, கண்ணைச் சுற்றிய பகுதி, காது ஆகியவற்றில் தொடங்கி வட்டமாக முடி கொட்டிச் செதில் படிந்தால் பங்கசு நோயாகிய படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். அரிப்பே இல்லாமல் இரு விலாப்புறங்களிலும் ஒரே அளவாக முடி உதிரும் பெண் பிராணிக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி இருக்கலாம். அதற்கு உண்ணி மருந்தால் எந்தப் பயனும் இல்லை. இவற்றைப் பிரித்தறியத் தோலைச் சுரண்டி எடுத்த மாதிரியையும் சில முடிகளையும் நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். வசதி குறைந்த இடத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடலாம். சிக்கலான நோயாயின் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆழத்தில் ஒளிந்திருக்கும் உண்ணி மாதிரியில் சிக்காமல் போவதும் உண்டு. எனவே அறிகுறிகள் தெளிவாக இருந்தால், உண்ணி தென்படாவிட்டாலும் சிகிச்சையைத் தொடங்குவதே முறை.

இனி, சுகமான அரிப்பு ஏன் மீண்டும் வருகிறது என்பதற்கு வருகிறேன். நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஐவர்மெக்டின் உயிருள்ள உண்ணிகளைக் கொல்லும், முட்டைகளை அழிக்காது. அதனால்தான் 7 முதல் 14 நாள் இடைவெளியில், பெரும்பாலும் மூன்று முறை மருந்து கொடுக்கிறோம். முதல் ஊசிக்குப் பிறகு அரிப்புத் தணிந்து, பிராணி நன்றாக உண்ணத் தொடங்கியதைக் கண்டதும், பஸ் ஏறி மறுபடியும் வருவது எதற்கு என்று பலர் நின்றுவிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்து திரும்ப ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பதை நான் அறிவேன். ஆயினும் அந்த இரண்டாம், மூன்றாம் ஊசிகள்தாம் நோயை முடிக்கின்றன. அவற்றைப் போடாவிட்டால், முதல் ஊசியன்று பொரிக்காமல் இருந்த முட்டைகள் சில நாட்களில் பொரித்து, குஞ்சுகள் வளர்ந்து, தாமும் முட்டையிடும். வீட்டார் அதை மருந்தின் தோல்வி என்கிறார்கள்.

இரண்டாவது காரணம், சொறியும் ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பது. ஒன்றாக வாழும் எல்லாக் கினிப் பன்றிகளுக்கும், அவை நலமாகத் தோன்றினாலும், ஒரே நாளில் மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, கூடு. இங்கே பலர் மரக்காலையிலிருந்து மரத்தூளை மூட்டையாகக் கொண்டுவந்து, கூட்டில் கனமாகப் பரப்பி, மேல்படையை மட்டும் அவ்வப்போது நீக்குகிறார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும் ஊர்களில் அந்தத் தூள் உலர்வதே இல்லை. ஈரமும் மூத்திரமும் ஊறிய படுக்கை தோலை மெலிவிக்கிறது. பங்கசுக்கும் அது ஏற்ற இடம். மருந்து கொடுக்கும் ஒவ்வொரு நாளிலும் படுக்கையை முழுவதுமாக அகற்றி, கூட்டைக் கழுவி, வெயிலிலோ அடுப்பருகிலோ நன்றாக உலர்த்திய பின்பே பிராணியை மீண்டும் விட வேண்டும். மரத்தூளுக்குப் பதிலாகக் கீறிய செய்தித்தாளையும் அதன்மேல் உலர்ந்த புல்லையும் இடுவது நல்லது. அவற்றை நாள்தோறும் மாற்றுவதும் எளிது.

ஊசி மருந்தை வீட்டில் தாமே ஏற்றுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாடுகளுக்குப் பயன்படுத்தும் ஐவர்மெக்டின் சாதாரணமாக 1 சதவீதச் செறிவுடையது. அதாவது ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஒரு கிலோ எடையுள்ள கினிப் பன்றிக்குத் தேவைப்படுவது ஒரு துளியிலும் குறைவு. பட்டியில் மாட்டுக்கு எடுத்த சிரிஞ்சில் எஞ்சியதை இதற்கும் போடுவதால் ஆகக்கூடியது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. நாய்களைக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் கரைசலும் வேண்டாம். மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய் போன்றவற்றைப் பூசினால் பிராணி அவற்றை நக்கி விழுங்கும், தோலும் வெந்துபோகும். 1,800 மீற்றருக்கு மேல் அமைந்த நுவரெலியாவில், அதிலும் உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில், சொறி நீங்கட்டும் என்று குளிப்பாட்டி ஈரத்தோடு விடுவது அதன் உயிரையே பறிக்கக்கூடும்.

பாமசியில் கேட்டு வாங்கும் மனிதர்களுக்கான கிறீம்கள் இன்னொரு சிக்கல். அவற்றுள் பலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கியதுபோல் தோன்றும். தோலின் எதிர்ப்பு குறைந்து, அடியில் உண்ணியும் பங்கசும் தடையின்றிப் பரவும். இவை எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது, புண்ணைக் கண்டு பிள்ளைக்கு வாங்கிய அமொக்சிசிலின் குளிசையில் பாதியைக் கரைத்து ஊட்டிவிடுவது. பென்சிலின் வகை மருந்துகள், அமொக்சிசிலின், கிளிண்டாமைசின் ஆகியன கினிப் பன்றியின் குடலிலுள்ள நன்மை தரும் பற்றீரியாக்களை அழித்து, நச்சைச் சுரக்கும் கிருமிகளைப் பெருகவிடும். சொறியால் சாகாத பிராணி ஒரு சில நாட்களில் வயிற்றுப்போக்கால் இறந்துபோகும். அன்டிபயோட்டிக் தேவைப்படும் புண் இருந்தால், இந்தப் பிராணிக்குப் பாதுகாப்பானதை வைத்தியரே தெரிந்தெடுப்பார்.

விற்றமின் சி பற்றிச் சொல்லாமல் தோலைப் பற்றி எழுத முடியாது. மனிதரைப் போலவே கினிப் பன்றியின் உடலாலும் அதைத் தயாரிக்க இயலாது. நலமாக உள்ள பிராணிக்கு ஒரு கிலோ எடைக்கு நாள்தோறும் 10 மில்லிகிராம் முதல் 20 மில்லிகிராம் வரை வேண்டும். நோயுற்றதற்கும் கர்ப்பிணிக்கும் இன்னும் கூடுதலாக வேண்டும். முயலுக்கான தீவனத்தில் இது சேர்க்கப்படுவதில்லை. குடிநீரில் கரைத்து வைத்தால் விரைவில் சிதைந்துவிடும். குறைபாடு உள்ள பிராணியின் முடி சொரசொரக்கும், புண் ஆறாது, மூட்டு வலியால் அது நகரவும் தயங்கும்; உண்ணி மருந்து வேலை செய்த பின்னும் தோல் தேறாது. நல்லவேளையாக நம் ஊர்களில் இதற்குச் செலவே இல்லை. 100 கிராம் கொய்யாப் பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. நாளுக்கு ஒரு சிறு துண்டு போதும். கறிமிளகாயும் நல்லது. கரட் இலையை விரும்பி உண்ணும். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்திருந்தால் அதைத் தவிர்க்க வேண்டும். லீக்ஸையும் உருளைக்கிழங்குச் செடியின் இலைகளையும் கொடுக்கவே கூடாது. கோவா இலையை மிகுதியாகப் போட்டால் வயிறு ஊதும். எது கொடுத்தாலும் புல்லே முக்கிய உணவாக இருக்கட்டும்.

குளிர்காலத்தில் பிள்ளைகள் கினிப் பன்றியைச் சுவெட்டருக்குள் வைத்துக்கொண்டே பாடம் படிப்பதைக் கண்டிருக்கிறேன். அந்த அன்பைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் சிகிச்சை முடியும்வரை தடுக்கத்தான் வேண்டும். சொறி உண்ணி மனிதரின் தோலில் நிலைத்து வாழாது. எனினும் முன்கையிலும் வயிற்றிலும் அரிக்கும் சிறு தடிப்புகளை உண்டாக்கும். பிராணி சுகமானால் அவை தாமாக மறையும். படர்தாமரை அப்படியன்று. அது மனிதருக்கும் தொற்றி, வீட்டில் ஒருவரிலிருந்து மற்றவருக்குப் பரவும். அதன் வித்திகள் துணியிலும் மரக்கூட்டிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பிள்ளையின் கையிலோ கழுத்திலோ வட்டமான படை தோன்றினால், வீட்டில் கினிப் பன்றி இருப்பதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பிராணிக்கான பங்கசுச் சிகிச்சையும் பல வாரங்கள் நீளும். முடி முளைத்துவிட்டது என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது.

புதிதாக வாங்கியதையோ, இனப்பெருக்கத்துக்காக அயலவரிடம் இரவல் பெற்றதையோ இரண்டு மூன்று வாரங்கள் தனிக் கூட்டில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். சிகிச்சை நடக்கும் காலத்தில் பின்னங்கால் நகங்களை வெட்டிவிட்டால் புண் ஆழமாகாது. வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவைத்து, வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள். மருந்தின் அளவைக் கணிப்பதற்கும் பிராணி உண்மையில் தேறுகிறதா என்பதை அறிவதற்கும் அதைவிடச் சிறந்த துணை எனக்கு வேறில்லை. வலிப்புப்போல் துடித்தாலோ, ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் சாணமும் போடாமல் இருந்தாலோ, அடுத்த ஊசிக்குக் குறித்த திகதிவரை காத்திராமல் அன்றே கொண்டுவாருங்கள். தொட்டால் துடிக்கும் என்பதால் கையில் தூக்காமல், மெல்லிய துணி விரித்த பெட்டியில் வைத்து, மேலே மூடி, காற்றுப்படாமல் எடுத்துவருவது நல்லது.