தார்த்யூஃப் சாமியார் அல்ல

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேரின் ‘தார்த்யூஃப்’ நாடகத்தைப் பற்றித் தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் ‘போலிச் சாமியார்’ வந்துவிடுகிறார். போன வாரம் ஒரு நாடக அறிமுகத்தில், திரை விலகுவதற்குள் நான்கு முறை கேட்டுவிட்டேன். இனியும் பொறுப்பதாக இல்லை.

முதலில் சொல்லின் பிறப்பை முடித்துவிடுவோம். இத்தாலியத்தில் ‘தார்த்தூஃபோ’ என்றால் மண்ணுக்கடியில் விளையும் ஒரு வகைக் காளான். பழைய பிரெஞ்சில் ‘த்ரூஃப்’ என்பதற்கு ஏமாற்று என்றும் பொருள். பெயருக்குள் இரண்டும் ஒலிக்கின்றன. நாடகம் புகழ்பெற்றபின் பக்தி வேடம் போடுகிற எவனுக்கும் பிரெஞ்சில் அதுவே பொதுப்பெயரானது. அவ்வளவுதான்.

சரி, ‘போலிச் சாமியார்’ ஏன் தப்பு? தார்த்யூஃப் பாதிரியும் இல்லை, துறவியும் இல்லை. தேவாலயத்தில் உருகி உருகி ஜெபம் செய்து, ஓர்கோன் என்ற பாரீஸ் பணக்காரர் கண்ணில் பட்டு, அவர் வீட்டிலேயே சாப்பாடும் படுக்கையுமாக ஒட்டிக்கொண்ட ஆள். ஓர்கோன் தன் மகள் மரியானை அவனுக்குக் கட்டிக்கொடுக்கத் துடிக்கிறார். கத்தோலிக்கப் பாதிரிக்கு எந்த அப்பன் பெண் கொடுப்பான்? 1664-இல் வெர்சாயில் அரங்கேறியதும் தடைபட்ட நாடகத்தை 1667-இல் பெயர் மாற்றி மறுபடி போட்டபோது, மொலியேர் அவன் இடுப்பில் வாளே தொங்கவிட்டார். மறுநாளே அதற்கும் தடை. வழி பிறந்தது 1669-இல்தான்.

அப்புறம் அந்தப் ‘போலி’. போலி டாக்டர் என்றால் பட்டம் இல்லாதவர் என்று புரிகிறது. சாமியாருக்குப் பட்டம் தருகிற பல்கலைக்கழகம் எது? போலி என்று சொன்னதுமே, அசல் ஒருவர் எங்கோ முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று ஆகிவிடுகிறது. செய்தித்தாள்காரர்கள் பழக்கிவிட்ட சோம்பேறிச் சொல் இது. மொழிபெயர்ப்பாளர்களும் யோசிக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். தார்த்யூஃபின் குற்றம் முத்திரை இல்லாததா? வேலைக்காரி தோரீனிடம் கைக்குட்டையை நீட்டி மார்பை மூடிக்கொள்ளச் சொல்கிறவன், அடுத்த காட்சியிலேயே ஓர்கோனின் மனைவி எல்மீரின் முழங்காலில் கை வைக்கிறான். கேட்டால், துணியைத் தொட்டுப் பார்த்தானாம்!

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘சமயப் பாசாங்காளர்’ என்கிறார். சுற்றறிக்கை வாசனை அடிக்கிறது. இப்படி ஓர் ஆளை எந்த வேலைக்காரியாவது திட்ட முடியுமா? பழைய தமிழ் விவிலியத்தின் ‘மாயக்காரர்’ நல்ல சொல். ஆனால் இன்றைய வாசகர் தொப்பிக்குள்ளிருந்து முயல் எடுப்பவரைத்தான் நினைப்பார். இஸ்லாமியத் தமிழில் வழங்கும் ‘நயவஞ்சகர்’ பொது வழக்கில் எல்லா வஞ்சகத்துக்கும் விரிந்துவிட்டது. குறளின் ‘படிற்றொழுக்கம்’ எனக்கு மிகவும் பிடித்தது. கூடாவொழுக்கம் அதிகாரம் முழுக்க இந்த ஆளைப் பற்றியதுதான். என்ன செய்ய, படிறு என்றால் இன்று அகராதியைத் தேடுவார்கள்.

நம் பாட்டிகள் வாயில் புழங்கிய சொல் கையிலேயே இருக்கிறது: உருத்திராட்சப் பூனை. ‘பாரீஸ்காரன் கழுத்தில் உருத்திராட்சமா?’ என்று நண்பர் சிரிக்கிறார். நாடகத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும். மூன்றாம் அங்கம் வரை தார்த்யூஃப் மேடைக்கே வருவதில்லை. வந்ததும், எதிரே தோரீன் நிற்பதைப் பார்த்துவிட்டு, அவள் காதில் விழும்படி தன் ஆள் லோரானுக்குக் கட்டளையிடுகிறான்: உடம்பை உறுத்தும் மயிர்ச்சட்டையையும், தன்னையே அடித்துக்கொள்ளும் சாட்டையையும் எடுத்து உள்ளே வை! பூனை கழுத்துக் கொட்டை வேறென்ன?

நாடகத் தலைப்பைத் ‘தார்த்யூஃப்’ என்றே விட்டுவிடலாம்; அது ஆளின் பெயர். அவன் எப்படிப்பட்டவன் என்று அறிமுகத்தில் சொல்லும்போது பூனையைக் கூப்பிடுங்கள்.