கொழும்பில் கையெழுத்தானாலும் காணி உங்களுடையதுதான்

திருகோணமலையில் காணி வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி நான். இந்தியா சேர்ந்த திட்டங்களுக்குக் காணி எடுக்கப்படுவது பற்றிச் சம்பூர், கடற்கரைச்சேனைப் பக்கமிருந்து வருபவர்கள் அடிக்கடி சொல்வது இது: "அது இந்தியாவோட அலுவல் சேர், கொழும்பிலயே முடிஞ்சுது. இனி நாங்க என்ன செய்யிறது?" இந்த எண்ணம் பிழையானது, ஆபத்தானதும்கூட. இப்படி நினைத்து வீட்டில் இருந்துவிடும் நாட்களில்தான் சட்டம் தரும் தவணை கடந்துபோகிறது.

1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் ஒப்பந்தம் செய்தபோது கூடவே கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எங்கள் துறைமுகத்தை வேறு நாடுகளின் இராணுவப் பாவனைக்கு விடுவதில்லை என்பதும், திருகோணமலைச் சீனக்குடாவில் உள்ள எண்ணெய்க் குதங்களை (பெரிய சேமிப்புத் தாங்கிகளை) இரு நாடும் கூட்டாகத் திருத்தி நடத்துவது என்பதும் அந்தக் கடிதங்களில் இருந்தவை. 2022 ஜனவரியில்தான் 99 குதங்களும் பிரிக்கப்பட்டன: 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரின் கூட்டுக் கம்பனிக்கு. அரசுகளுக்கு 34 ஆண்டு அவகாசம் கிடைத்தது. காணிக்காரருக்கு அப்படிக் கிடைப்பதில்லை.

சம்பூரில் நடந்தது இதைவிட வேதனையானது. 2006இல் போரால் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டில் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்துக்கு உடன்பட்டன. மக்கள் முகாம்களில் இருக்கும்போதே அவர்களுடைய ஊர் அந்தத் திட்டத்தின் இடமாகிவிட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. பத்து ஆண்டு இழுபட்டு, 2016 செப்டெம்பரில், திட்டத்தைக் கைவிடுவதாக அரச தரப்பே உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இரு நாட்டு அரச நிறுவனங்கள் உடன்பட்ட திட்டம் ஒரு வழக்கின் நடுவே முடிந்ததை என்னிடம் வருபவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இந்தியாவை வெறுத்து இதை எழுதவில்லை. 2022இல் நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது ஏறக்குறைய 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்த நாடு அது. அயலில் அது நடந்துகொள்ளும் விதம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. 2015இல் இந்திய எல்லை அடைபட்டு நேபாளம் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தவித்தது. அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. அதே ஆண்டில் வங்கதேசத்துடன் எல்லைத் திட்டுகளை (ஒரு நாட்டுக்குள் அகப்பட்டிருந்த மற்ற நாட்டு நிலத் துண்டுகளை) மாற்றிக்கொண்டபோது, அந்த 162 திட்டுகளிலும் வாழ்ந்தவர்களிடம் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டுப் பதிந்தார்கள். பெரிய நாடும் சிறிய நாடும் சேர்ந்து எளிய மக்களிடம் கேட்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று அது. திருகோணமலைக்கும் அந்த மரியாதை வேண்டும்.

2025 ஏப்ரல் 5இல் பிரதமர் மோடி கொழும்பிலிருந்தே காணொளி வழியாகச் சம்பூர் சூரிய மின் திட்டத்தைத் தொடக்கி வைத்தார், 120 மெகாவாற். அன்றே ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தமும் கைச்சாத்தானது. ஆகவே இனிவரும் ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில் காணி பற்றிய கேள்விகள் கூடும்.

பணம் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் தனியார் காணியை எடுப்பது இலங்கை அரசு. எடுக்கும் வழி 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம். 2ஆம் பிரிவு அறிவித்தலை மூன்று மொழிகளிலும் ஊரில் ஒட்ட வேண்டும். ஆய்வுக்கு உள்ளே வர அது அனுமதி தருகிறது, உரிமையை மாற்றாது. 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால்தான் உங்கள் ஆட்சேபனைக்கு நேரம். அது 14 நாளுக்குக் குறையக்கூடாது, ஆனால் பெரும்பாலும் அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். கிராம அலுவலரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியும் பற்றுச்சீட்டும் வைத்திருங்கள். அவசரம் என்று சொல்லி 38ஆம் பிரிவின் கீழ் முன்கூட்டியே காணியைக் கையேற்கவும் சட்டம் இடம் தருகிறது. அப்படி நடந்தால் அன்றே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதந்தான் தவணை.

இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்கள் பிரச்சினை வரும்வரை காத்திருக்க வேண்டாம். காணிப் பதிவகத்தில் பதிவின் பிரதி எடுக்கலாம். அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகப் பேரேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அது அரச காணி, அதற்கு நடைமுறை வேறு. உரித்தாளர் கனடாவிலோ சுவிஸிலோ இருந்தால் அற்றோணித் தத்துவம் (அவருக்காக இங்கே ஒருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) எழுதி வையுங்கள். அறிவித்தல் வந்த பிறகு அதைச் செய்யப் போனால் தவணை தப்பிவிடும்.

ஆட்கள் அதிகம் அறியாத ஒன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டம் என்றால், அதைப் பற்றிய தகவலைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும், பொதுவாக வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே அந்தத் துறை அமைச்சர் தர வேண்டும். வராவிட்டால் நீங்களே கேளுங்கள்: எந்தத் துண்டுக் காணி, எவ்வளவு பரப்பு, சுற்றாடல் அறிக்கை எங்கே. வெளிநாட்டு உறவு பாதிக்கும் என்று மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் அந்த மறுப்பு நிற்காது. மறுப்புக் கடிதம் வந்தால் 14 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். இதையெல்லாம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.