கையில் கரண்டி

அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு நிமிடம்தானே என்று ஹாலுக்குப் போவேன். போனில் ஒரு மெசேஜ். பதில் போட ஒரு பில் நம்பர் வேண்டும். பில்லைத் தேடி பீரோவைத் திறந்தால், போன மாதம் தொலைத்த சாவி அங்கே இருக்கும். அடடா என்று அதைப் பார்த்து நிற்கும்போது தீய்ந்த வாசனை வரும்.

கவனக்குறைபாடு (ADHD) உள்ள பெரியவர்களின் வீட்டில் இது தினசரிக் கதை. அக்கறை இல்லாததால் வருவதல்ல. செய்துகொண்டிருக்கும் வேலையை மனதில் பிடித்து வைக்கும் தற்காலிக நினைவு எல்லோருக்குமே சின்னதுதான். எங்களுக்கு அதன் பிடி இன்னும் தளர்வு. புதிதாக ஒன்று ஏறினால் பழையது இறங்கிவிடும். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியும், அங்கே வேலை செய்யும் டோபமின், நார்அட்ரினலின் ஆகிய ரசாயனங்களும் இதில் சம்பந்தப்பட்டவை. மருந்துகள் பெரும்பாலும் இவற்றின் அளவைத்தான் கூட்டுகின்றன.

இது குழந்தைகளோடு முடிந்துவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 நோயறிதல் கையேட்டின்படி, இந்தக் குறைபாடு இருக்கிறது என்று சொல்ல குழந்தைகளுக்கு 6 அறிகுறிகள் வேண்டும், 17 வயதிலிருந்து 5 போதும். ஆனால் 12 வயதுக்கு முன்பே சில தென்பட்டிருக்க வேண்டும்.

சரி, பிடி தளர்ந்த நினைவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதை நம்பாமல், ஞாபகத்தை வெளியே, வேலை நடக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். மாத்திரை டப்பா பல் துலக்கும் பிரஷ் பக்கத்தில். கட்ட வேண்டிய பில் வாசல் தாழ்ப்பாளில். 'நாளைக்குக் கட்டணும்' என்பது எங்களிடம் செல்லாது. 'டீ டம்ளரைக் கழுவியதும் கட்டுவேன்' என்றால் டம்ளரே ஞாபகப்படுத்தும். நேரமும் அப்படித்தான். எங்களுக்கு இருப்பது 'இப்போது', 'அப்புறம்' என்று இரண்டே பொழுதுகள். முள் நகரும் கடிகாரத்தில் மிச்ச நேரம் கண்ணுக்குத் தெரியும். போன் அலாரம் வேண்டாம். அதை நிறுத்தப் போய் போனுக்குள்ளேயே விழுந்துவிடுவோம்.

ஒரு சிக்கல்: சுவரில் ஒட்டிய சீட்டு இரண்டு வாரத்தில் சுவராகவே ஆகிவிடும். பழகியதை மூளை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. இடத்தையோ நிறத்தையோ மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பாலுக்கு நான் கண்டுபிடித்த வழி, கரண்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு போவது. ஹாலில் கரண்டியோடு நிற்கும்போது, ஏன் நிற்கிறோம் என்று கேட்டே ஆக வேண்டும். போன வாரம் கரண்டி பீரோவுக்குள் கிடந்தது. அன்று மட்டும் பால் பொங்கிவிட்டது.