மாமத் நடந்த வழியைத் தந்தத்திலிருந்து அறிவது எப்படி?

புதைபடிவ எலும்பு கிடைத்த இடம், அந்த விலங்கு எங்கே இறந்தது என்பதை மட்டுமே காட்டும். அது எங்கே பிறந்தது, எந்தெந்தப் பள்ளத்தாக்குகளில் மேய்ந்தது என்பதை அறிய வேறு வழி வேண்டும். சுமார் 17,100 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவில் வாழ்ந்த ஓர் ஆண் கம்பளி மாமத்தின் (அடர்ந்த உரோமம் கொண்ட, இன்று அழிந்துவிட்ட யானையினம்) 28 ஆண்டுக்கால நடமாட்டத்தை அதன் தந்தத்திலிருந்தே மீட்டெடுத்த ஆய்வு, 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது.

இதற்கு அடிப்படை ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம். பாறையிலுள்ள ரூபிடியம்-87 மிக மெதுவாகச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அதே தனிமத்தின் சற்றே எடை குறைந்த வடிவமான ஸ்ட்ரான்சியம்-86 அவ்வாறு உருவாவதில்லை. ஆகவே பாறையின் வயதையும் அதிலிருந்த ரூபிடியத்தின் அளவையும் பொறுத்து, ஸ்ட்ரான்சியத்தின் இவ்விரு வடிவங்களுக்கிடையிலான விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. பாறை மண்ணாகி, அம்மண்ணில் முளைத்த புல்லை மாமத் மேயும்போது, வேதிப் பண்பில் கால்சியத்தை ஒத்த ஸ்ட்ரான்சியம் ஏறக்குறைய அதே விகிதத்தில் தந்தத்தில் படிந்துவிடுகிறது. சுண்டல் மடிக்கும் காகிதக் கூம்புகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகியதுபோல் தந்தம் நாள்தோறும் அடுக்கடுக்காக வளர்கிறது. நுனியில் குட்டிப் பருவமும் அடியில் இறுதி நாள்களும் பதிந்திருக்கும். ஆய்வாளர்கள் தந்தத்தை நீளவாக்கில் பிளந்து, அதன் நடுக்கோட்டில் லேசரைச் செலுத்தி விகிதங்களை வரிசையாக அளந்தனர்.

ஆனால் எந்த விகிதம் எந்த ஊருக்குரியது? அதற்கு உதவியவை அருங்காட்சியகத்தில் சேகரித்து வைத்திருந்த சிறு கொறிவிலங்குகளின் பற்கள். அவை பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை என்பதால், அவற்றின் பற்களில் இருப்பது அந்தந்த இடத்தின் விகிதமே. இந்த ஆய்வின் ஆகச் சாமர்த்தியமான பகுதி இதுதான் என்பேன். ஒரே விகிதம் பல இடங்களுக்குப் பொருந்தக்கூடும் என்பதால், உடல் கிடந்த இடத்திலிருந்து தொடங்கி, மாமத்தால் நடந்து கடக்கக்கூடிய வழிகளைக் கணினி மூலம் பின்னோக்கித் தேடினர்.

அது வாழ்நாளில் நடந்த தொலைவு, பூமியை ஏறத்தாழ இருமுறை சுற்றிவரப் போதுமானது. சுமார் 15 வயதுக்குப் பின் நடமாட்டத்தின் எல்லை திடீரென விரிந்தது. இன்றைய ஆண் யானைகளும் பருவமடைந்ததும் மந்தையை விட்டுப் பிரிகின்றன. இறுதிக் காலத்தில் தந்தத்தில் நைட்ரஜனின் எடை கூடிய வடிவமான நைட்ரஜன்-15-இன் விகிதம் உயர்ந்திருப்பது, பட்டினியில் உடல் தன் தசையையே கரைத்ததன் அடையாளம்.

ஒரு விலங்கை வைத்து இனம் முழுவதையும் எடைபோட முடியாது. 2024-இல் வெளியான இன்னோர் ஆய்வின்படி, சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண் மாமத், வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறிய பரப்பிலேயே கழித்துவிட்டு, பின்னர் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நடந்து அலாஸ்காவின் உட்பகுதிக்கு வந்திருக்கிறது. அதன் தந்தம் கிடைத்த ஸ்வான் பாயிண்ட், பண்டைய வேட்டைக்காரர்கள் முகாமிட்ட இடம்.