கால்சியக் குறிகையாக்கம்

'கால்சியம் சிக்னலிங்' என்ற ஆங்கிலத் தொடருக்கு, அதாவது உயிரணு கால்சிய அயனியின் ஏற்ற இறக்கத்தால் செய்தி தெரிவிப்பதற்கு, பொருத்தமான தமிழ்ச் சொல் எது? சுண்ணாம்பைக் குறிக்கும் லத்தீன் சொல் 'கால்க்ஸ்'. 1808இல் சுண்ணாம்பிலிருந்து மின்னாற்பகுப்பால் தனிமத்தைப் பிரித்த ஹம்ப்ரி டேவி, அதிலிருந்தே 'கால்சியம்' என்று பெயரிட்டார். 'சிக்னல்' என்பதும் லத்தீன் வழி வந்ததே. 'சிக்னும்' என்றால் அடையாளம்.

தமிழில் 'கால்சியம் சிக்னலிங்' என்பதைச் 'சுண்ணாம்புச் சத்து சமிக்ஞை' என்று எழுதுவோர் உண்டு. 'சத்து' என்றதும் எலும்பும் உணவும் நினைவுக்கு வந்துவிடும். இங்கே பேசப்படுவது அயனியின் ஏற்ற இறக்கம். உயிரணுவுக்கு வெளியே கால்சிய அயனியின் செறிவு 1 முதல் 2 மில்லிமோலார். ஓய்வில் உள்ள உயிரணுவின் சைட்டோபிளாசத்திலோ ஏறக்குறைய 100 நானோமோலார்தான். அதாவது பத்தாயிரம் மடங்குக்கும் குறையாத வேறுபாடு. அதனால் உயிரணுச் சவ்விலுள்ள அயனிக் கதவு சிறிது திறந்தாலும் உள்ளளவு சட்டென உயரும். பம்புப் புரதங்கள் உடனே இறைத்து வெளியேற்றும். அந்த ஏற்றமும் இறக்கமுமே செய்தி. கால்சியத்தைக் குறியாக ஆக்குவது உயிரணுதான் என்பதால் 'குறிகையாக்கம்' பொருந்துகிறது. 'கடத்தல்' என்றால் ஏதோ ஒரு பொருள் இடம்விட்டு இடம் போவதுபோல் ஆகிவிடும்.

லுகேமியா எனும் இரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வில் இதனோடு சேர்ந்து வரும் சொல் 'டிஃபரன்சியேஷன்'. 'வேறுபாடு' என்ற பெயர்ப்பு தவறு, அது நிலையைச் சொல்கிறது, நிகழ்வை அல்ல. முதிராமல் பெருகிக்கொண்டே இருப்பதுதான் தீவிர லுகேமியா உயிரணுவின் கோளாறு என்பதால், 'வேறுபட்டு முதிர்தல்' என்பதே சரி.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் லுகேமியா உயிரணுக்களான எச்எல்-60-ஐ எடுத்துக்கொள்வோம். முதிராத நிலையில், பாக்டீரியாப் பெப்டைடின் ஒத்த வடிவமான எஃப்எம்எல்பி-யைச் சேர்த்தால் கால்சியம் பெரிதாக ஏறாது. முதிர்ச்சியைத் தூண்டும் டைமெத்தில் சல்ஃபாக்சைடில் சில நாள் வைத்து, நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணு போல முதிர்ந்தபின், அந்தப் பெப்டைடை உணரும் ஏற்பிப் புரதம் தோன்றும். அப்போது அதே பெப்டைடு நொடிகளில் கால்சியத்தை உயர்த்தும். ரெட்டினாயிக் அமிலத்தால் முதிரும்போது, கால்சியத்தை உயிரணுவின் உள்சேமிப்புக்குள் இறைக்கும் செர்க்கா-3 பம்பும் கூடும். கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் அதன் நாட்டம், அதே வகைப் பம்பான செர்க்கா-2பி-யை விடக் குறைவு.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கால்சியத்தோடு சேர்ந்தால் ஒளிர்வு மாறும் ஃபுரா-2 சாயத்தை 340, 380 நானோமீட்டர் ஒளியால் மாறி மாறித் தூண்டி, 510 நானோமீட்டரில் ஒளிர்வை அளந்து விகிதம் காண்பது வழக்கம். சாயம் உயிரணுவுக்கு வெளியே கசிந்தால், அங்குள்ள மில்லிமோலார் கால்சியத்தோடு சேர்ந்து விகிதத்தை உயர்த்திக் காட்டும், அது குறிகையன்று. அளவிடுமுன் உயிரணுக்களைக் கழுவுங்கள். கசிவைத் தடுக்க ப்ரோபெனெசிட் என்ற மருந்தைச் சேருங்கள்.