கான்ட்ரெயில்: புகையா, முகிலா?

உயரத்தில் ஜெட் விமானம் போன வழியில் நீளும் வெள்ளைக் கோடுதான் கான்ட்ரெயில். ‘ராக்கெட் போகுது’ என்று சின்னப் பிள்ளைகள் கைகாட்டுவார்களே, அதேதான். ‘கண்டென்சேஷன்’, ‘டிரெயில்’ என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை நறுக்கி ஒட்டியது இது. முன்னது ஆவி சுருங்குதல், பின்னது தடம். உயரப் பறந்த குண்டுவீச்சு விமானங்களை இந்தக் கோடுகளே காட்டிக்கொடுத்த இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சொல் பரவியது.

தமிழில் ‘புகைத்தடம்’ என்று எழுதிவிடுகிறோம். அது பொருந்தாது. எரிபொருள் எரியும்போது கரித்துகளோடு நீராவியும் வெளியேறுகிறது. 10 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரியையும் தாண்டும். அதில் நீராவி கரித்துகள்மேல் படிந்து துளியாகி, உடனே பனிப்படிகமாக உறைகிறது. உற்றுப் பார்த்தால் என்ஜினுக்கும் கோட்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரியும். சூடான வாயு ஆறுவதற்கு ஆகும் நேரம் அது. புகை என்றால் என்ஜின் வாயிலேயே தொடங்கியிருக்கும். மேலே காற்று வறண்டிருந்தால் கோடு சட்டென்று கரையும், ஈரமாக இருந்தால் மணிக்கணக்கில் விரிந்து கிடக்கும். பத்து நிமிடமாவது நிலைக்கும் கோடுகளை உலக வானிலை அமைப்பே 2017-இல் தன் முகில் வகைப்பாட்டில் சேர்த்துக்கொண்டது. அப்புறம் நமக்கென்ன தயக்கம், ‘முகில்தடம்’ என்றே சொல்லலாம். ‘ஆவித்தடம்’ ஆகாதா என்றால், நீராவி கண்ணுக்குத் தெரியாதே!

முகில் என்று வைத்துக்கொண்டால் வானத்துப் புதிர்கள் பலவும் விளங்கும். முகிலுக்கு நிழல் விழும். தடத்துக்குக் கீழே மெல்லிய முகில் படலம் இருந்தால் அதன்மேல் கருங்கோடு விழுகிறது. சூரியன் விமானத்துக்கு நேர் பின்னால் இருந்தால் அந்தக் கருங்கோடு விமானத்துக்கு முன்னால் ஓடும். யாரோ முன்கூட்டியே பாதை போட்டுவைத்ததுபோல் இருக்கும், சந்தேகம் கிளம்பாமல் என்ன செய்யும்?

அந்தி வேளை இன்னும் மோசம். நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் அந்த உயரத்தில் சற்று நேரம் வெயில் அடிக்கும். தடம் செம்பொன்னாக எரியும். விமானம் அடிவானத்திலிருந்து நம்மை நோக்கி வந்தால், மட்டமாகப் பறந்தாலும் செங்குத்தாக ஏறுவதுபோலவே தோன்றும். 2010 நவம்பரில் கலிபோர்னியாக் கடலோரம் இப்படி ஒன்று ஹெலிகாப்டர் கேமராவில் சிக்க, மர்ம ஏவுகணை என்று தொலைக்காட்சிகள் அலறின. விமானத் தடம் என்றுதான் கடைசியில் முடிந்தது.

இதற்கு எதிர்மாறானதும் உண்டு. மெல்லிய முகிலுக்குள் விமானம் புகுந்து போகையில் அந்த வழி மட்டும் கரைந்துபோவதை ‘டிஸ்ட்ரெயில்’ என்பார்கள். ‘முகில்கீறல்’ என்று சொல்லிப் பார்க்கலாம். நிழலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: கீறல் வழியே நீல வானம் தெரியும், நிழல் விழுந்த இடத்தில் முகில் மங்கலாக அப்படியே இருக்கும்.