நிலாத் தூசியும் மேலூர்க் கல்தூசியும்

மேலூர் பக்கம் கிரஷர் ஓடுகிற இடங்களில் வேலை பார்ப்பவர்கள் தலைத்துண்டை அவிழ்த்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். சாயந்திரம் உதறினால் துண்டிலிருந்து வெள்ளையாகக் கொட்டும். "இம்புட்டையும் துண்டு புடிச்சிருச்சு பாருங்க" என்பார்கள். துண்டு பிடித்தது பெரிய துகள்களை மட்டும்தான். நுரையீரலைக் கெடுக்கும் துகள்கள் கண்ணுக்கே தெரியாது. துணியின் இழைகளுக்கு நடுவே தாராளமாக நுழைந்துவிடும்.

நிலாவுக்குப் போகிறவர்களை எச்சரிப்பதிலும் இதே சிக்கல்தான். உடையில் அப்பியிருக்கும் கறுப்புத் தூசி எல்லோருக்கும் தெரிகிறது. அப்பல்லோ 12 பயணத்தில் நிலாவில் இறங்கிய இருவரும் தாய்க்கலத்துக்குத் திரும்பியபோது, தூசியை உள்ளே கொண்டுவர வேண்டாமென்று உடைகளைக் கழற்றிவிட்டுத்தான் வரச்சொன்னார் அங்கே காத்திருந்த டிக் கார்டன். கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் மூச்சுக்குள் போனதை எப்படிக் கழற்றுவது?

நிலா மண்ணில் எடைக்கணக்கில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு 20 மைக்ரானுக்கும் சிறியது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வைகை மணலை ஆறு உருட்டி உருட்டி முனை மழுக்கிவிடும். நிலாவில் ஓடும் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. நுண்விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மோதி, பாறையை நொறுக்கியும் உருக்கியும் கண்ணாடிச் சில்லுகளாக்கி வைத்திருக்கின்றன. உடைந்த முனை உடைந்தபடியே இருக்கிறது. போதாததற்கு, சூரியனின் புற ஊதாக் கதிரும் சூரியக் காற்றும் துகள்களுக்கு மின்னேற்றம் கொடுப்பதால், தட்டினாலும் எளிதில் விடாமல் ஒட்டிக்கொள்கின்றன.

அப்புறம் ஈர்ப்பு. பூமியில் சற்றே பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும், இருமித் துப்பிவிடலாம். நிலாவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். துகள் மெதுவாகப் படிவதால், நுரையீரலின் கடைசி அறைகள் வரை போக அதற்கு நேரம் கிடைக்கிறது.

1972 டிசம்பரில் அப்பல்லோ 17-இல் போன புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட், உடையைக் கழற்றிக் கேபின் காற்றைச் சுவாசித்ததும் மூக்கடைத்துக்கொண்டது. சீக்கிரமே சரியாகியும் போனது. எனக்கு இதுதான் ஆபத்தான பகுதியாகப் படுகிறது: தொந்தரவு போய்விட்டால் ஆபத்தும் போய்விட்டதாக மனசு கணக்குப் போட்டுவிடும். வேறு சிலருக்கும் இப்படி ஆனது, அவர்கள் விமானிகள் என்பதால் பறக்கும் தகுதி பறிபோகுமென்று வெளியே சொல்லவில்லை என்று ஷ்மிட் பின்னாளில் சொன்னார். குவாரியிலும் இருமுகிறவன் வாயைத் திறப்பதில்லை. நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அதற்காகப் பூச்சாண்டி காட்டவும் கூடாது. அப்பல்லோ கொண்டுவந்த தூசியை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததில், அதன் நச்சுத்தன்மை பெயின்ட்டில் சேர்க்கும் வெள்ளைத் தூளான டைட்டானியம் டை ஆக்ஸைடைவிட அதிகம், பாறைக் கனிமமான குவார்ட்ஸைவிடக் குறைவு என்று தெரிந்தது. சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்குக் காரணமான அந்தக் குவார்ட்ஸ் கிரானைட்டில் தாராளமாக உண்டு. நிலாவில் மிகவும் அபூர்வம். அந்த ஒரு விஷயத்தில், விண்வெளி வீரரைவிட மேலூர்த் தொழிலாளிக்குத்தான் பெரிய எச்சரிக்கை தேவை. அவருக்குக் கிடைப்பது துண்டு.

இத்தகைய சோதனைகளை வைத்து, ஆறு மாதம் வரையிலான நிலாப் பயணங்களுக்கு நாசா வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.3 மில்லிகிராம். சரி, இந்த எண்ணைக் காகிதத்தில் கொடுத்தால் வீரர் என்ன செய்வார்? எந்த மூக்குக்கும் 0.3 தெரியாது. கேபினில் தூசியை அளக்கும் கருவி இருக்க வேண்டும். அது இவ்வளவைத் தாண்டினால் முகமூடியைப் போடு, இன்னும் தாண்டினால் இன்றைக்கு வெளியே போகாதே என்று எண்ணைச் செயலாக மாற்றிக் கொடுக்க வேண்டும்.

கிரஷரில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கலாம். நிலாவின் வெற்றிடத்தில் தண்ணீர் நிற்காது. அதனால் மின்புலத்தால் தூசியை உதறித்தள்ளும் தகடு ஒன்றை நாசா உருவாக்கியது. 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் தரையிறங்கியில் வைத்து நிலாவிலேயே சோதித்தார்கள், வேலை செய்தது. கண்ணாடிக்கும் சூரியத் தகட்டுக்கும் அது போதும். மனிதருக்கு இன்னொன்றும் வேண்டும்: இருமலைச் சொன்னதற்காக மட்டுமே யாரையும் அடுத்த பயணத்திலிருந்து நீக்கமாட்டோம் என்று கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுவது. 2040-க்குள் நிலாவில் இந்தியர் ஒருவரை இறக்கத் திட்டமிடும் இஸ்ரோ, பயிற்சியின் முதல் நாளே அந்தத் தாளை நீட்டலாம்.